வெறும் தண்ணீர்

1

ஜெரம் பக்கத்தில் இந்தத் தாமானுக்கு நாங்கள் குடிவந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம். ஊரில் இருந்திருந்தால் குடிவந்த தேதியை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? இங்கே அது கடவுச்சீட்டில் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கிறது. மறக்க முடியாது. தாமான் என்று இங்கே சொல்வது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளை. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு வடிகால், அதற்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். குலை ஏற்றிய லோரி போகும்போது சமையலறைத் தட்டுகள் லேசாக அதிரும்.

காலையில் முதலில் மகள் யாழினிக்குச் சீருடைப் பொத்தான் போடுகிறேன். அவளுக்கு ஆறு வயது. மழலையர் பள்ளியில், இங்கே தடிக்கா என்பார்கள், கடைசி வருடம். "எனக்கே தெரியும்" என்று கையைத் தட்டிவிடுகிறாள். அடுத்து அவள் அப்பாவுக்கு. அவர் தட்டிவிடுவதில்லை. கழுத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஐந்து மாதம் ஆகிறது. இடது கையால் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். மேலிருந்து இரண்டாவது வரை வருகிறது. நான் பொறுமையாகக் காத்து நிற்க வேண்டும் என்று தெரியும். நிற்காமல் மீதியைப் போட்டுவிடுகிறேன். அது உதவியா, அவரைப் பழகவிடாமல் செய்வதா என்று பிறகு நாள் முழுக்க யோசிப்பேன்.

போன வாரம் தங்கை அரியலூரிலிருந்து பேசினாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. தண்ணி பட்டா வெரல் போவுமா? இங்க எல்லாரும் கேக்குறாங்க. மாமா எதையோ மறைக்கிறாருன்னு சித்தப்பா சொல்றாரு."

"என்னத்த மறைக்கிறாரு?"

"மெஷின்ல கைய வுட்டுட்டாரோ என்னமோ... இல்ல, சண்ட கிண்ட..."

கோபம் வந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பும் இல்லை. நாமெல்லாம் குளித்து, குடித்து, வாசல் தெளிக்கிற தண்ணீர். அது எப்படி ஒரு மனிதனின் விரலைக் கொண்டுபோகும்?

அவளுக்காகவும் சித்தப்பாவுக்காகவும் இதை எழுதுகிறேன். நடந்ததை முழுவதும் எழுத வேண்டும். முழுவதும் என்றால், அன்று கிளினிக்கில் நான் சொன்னதையும் சேர்த்து. அந்தச் சொல்லைத்தான் நான் அவரிடம் மாதக்கணக்காக மறைத்தேன். அவருடைய பாஸ், அதாவது வேலை அனுமதி, புதுப்பிக்கப்படுமா, நாங்கள் மூன்று பேரும் இங்கே இருப்போமா என்பதெல்லாம் கடைசியில் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது.

2

முதலில் அவர் வேலையைச் சொல்கிறேன். கடலோரக் கட்டடங்களில் உப்பு மெதுவாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கிய கம்பி தன்மேல் இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கெட்டுப்போன அந்தப் பாகத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இயந்திர உளியை வைத்து உடைத்தால் அந்த அதிர்வில் நல்ல பாகத்திலும் விரிசல் விழும், கம்பியும் அடிபடும். அதனால் தண்ணீரால் அடித்து எடுக்கிறார்கள். லோரி அளவுக்கு ஒரு பம்ப். அதிலிருந்து தடித்த ஹோஸ். அதன் முனையில் ஊசித் துளை போல ஒரு வாய். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு அழுத்தத்தில் அதன் வழியே தண்ணீர் வரும். கெட்ட கான்கிரீட் மாவாக உதிர்ந்து ஓடும். நல்லது அப்படியே நிற்கும். கம்பியில் துரு போய் வெளுத்திருக்கும். பெரிய பரப்பை ரோபோ பார்த்துக்கொள்ளும். அது நுழைய முடியாத மூலைகளில் ஆள் கையில் பிடித்து அடிக்க வேண்டும். பம்பையும் ஹோஸையும் கவனிப்பது என் கணவர் பாண்டியனின் பொறுப்பு.

எந்த இடம் கெட்டது என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தே சொல்வார்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் சுவர், மேசை, கடையில் வாங்கும் தர்ப்பூசணி என்று எதையும் தட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது வளைகுடாவில் இதே வேலையில் இருந்தார். என் அப்பா பெரிதாக எதையும் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்ள தண்ணி அடிப்பாரா?"

அவருடைய தாய்மாமனுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னங்க இப்புடிக் கேட்டுட்டீங்க? தண்ணி அடிக்கத்தான அவனுக்குச் சம்பளமே குடுக்குறான்."

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என் அம்மா உள்ளே அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு மாப்பிள்ளையே பதறிப்போய்ப் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். மஞ்சள் உடையும் முகமூடியும் போட்ட ஆள் ஒரு தூணைத் தண்ணீரால் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா அதை இரண்டு தடவை பார்த்தார். "அப்ப அந்தத் தண்ணி கெடையாது?" என்று உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அதுவே பெயர். "இன்னைக்கு எங்க தண்ணி அடிச்சீங்க?" என்று நான் கேட்பேன். "பாலத்துக்குக் கீழ, மூணு பேரு சேர்ந்து" என்பார். இங்கே வந்த பிறகு அவருடைய மண்டோர் சேகர் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிறவரைத் தோட்டத்தில் சொன்னது போல இன்றைக்கும் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, ஒம் புருசன் காலையில ஏழு மணிக்கே தண்ணி அடிக்க ஆரம்பிச்சிருவான். அதும் கம்பெனி செலவுல லா!" நான் சிரித்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

3

சுங்கை செம்பிலாங் தாண்டிக் கடலோரத்தில் ஒரு பழைய படகுத்துறையில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று யாழினிக்குச் சளி, தடிக்காவுக்கு அனுப்பவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு மண்டோரின் லோரி எங்கள் வாசலில் நின்றது. என் கணவர் முன்னிருக்கையில் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாத தங்கச்சி. சின்ன ஓட்டைதான். பாரு, கொசு கடிச்ச மாதிரி இருக்கு."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஹோஸ் இணைப்பு ஒன்றில் புகை போலத் தண்ணீர் கசிந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கையை நீட்டியிருக்கிறார். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது என்பது அந்த வேலையில் முதல் விதி. புதிதாகச் சேரும் ஆட்களுக்கு அதைச் சொல்கிறவரே இவர்தான்.

மண்டோர் எங்கள் மூவரையும் டவுனில் கம்பெனி வழக்கமாக அனுப்பும் கிளினிக்கில் இறக்கிவிட்டார். "பெரிய தண்ணி ஏறுது லா, ஆளுங்க மேடைக்குக் கீழ இருக்கானுங்க, நான் போவணும்" என்றார். கடல் ஏறும் நேரம். அவரைக் குறை சொல்ல முடியாது.

முகப்பில் இரண்டு பெண்கள். கணினிக்கு முன்னால் ஒரு மலாய்ப் பெண். பக்கத்தில் ஊசி போடும் தாதி, தமிழ்ப் பெண். தமிழ் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"என்னாச்சும்மா?"

"தண்ணி அடிச்சப்ப கையில பட்டுருச்சுக்கா."

அவர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார். முகம் வெளுத்து, வியர்த்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் அவர்.

"காலையில பத்து மணிக்கேவா?"

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "இப்பல்லாம் கடைய சீக்கிரமே தொறந்துர்றான் லா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஐயோ, அந்தத் தண்ணி இல்லக்கா. வேலையில. கம்பெனியில தண்ணி அடிக்கிற வேலை."

"கம்பெனியிலயே அடிக்கிறாரா? நல்ல கம்பெனிதான்."

எனக்கு வாய் குழறியது. தாதி திரும்பி மலாய்ப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல். மாபோக். குடிபோதை. அந்தப் பெண்ணின் விரல்கள் தட்டச்சுப் பலகை மேல் போயின.

அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். வலி ஓடவில்லை, காயம் ஓடவில்லை. வேலை நேரத்தில் குடித்திருந்தார் என்று ஒரு தாளில் ஏறினால் அது கம்பெனிக்குப் போகும், பாஸ் போய்விடும் என்பது ஓடியது. காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்த என் அப்பா ஓடினார். நான் முகப்பில் கையை ஊன்றி, எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன்.

"தா மாபோக்! ஆயெர் கோசோங்! ஆயெர் கோசோங் சாஜா!"

ஆயெர் என்றால் தண்ணீர். கோசோங் என்றால் ஒன்றுமில்லாதது, வெறுமை. சாஜா என்றால் மட்டும். சாப்பாட்டுக் கடையில் தேநீர் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றால் ஆயெர் கோசோங் என்று கேட்க வேண்டும். குடியில்லை, அவர் மேல் பட்டது வெறும் தண்ணீர்தான் என்று நான் சொல்ல வந்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சந்தேகம் தீர்ந்துவிட்டது, அது அவள் முகத்தில் தெரிந்தது. அடித்திருந்ததை அழித்துவிட்டு வேறு ஏதோ அடித்தாள்.

யாழினி என் புடவையை இழுத்தாள். "அம்மா, ஆயெர் கோசோங் கடையில குடிக்கிறதும்மா. தப்பா சொல்றீங்க."

அவள் தொடையில் கிள்ளினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தாளைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜஸ்ட் வாட்டர்?"

"எஸ் டாக்டர். ஒன்லி வாட்டர். ஹி டஸ் நாட் டிரிங்க்."

கடைசியில் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

ஊரில் நான் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம், பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும், ஊசி ஏன் குத்துகிறது, ஒட்டகத்தின் கால் ஏன் மணலில் புதைவதில்லை என்று பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். பிரஷர் என்ற சொல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எனக்குத் தெரியும். மூன்று வாய்ப்புகள் கிடைத்தன, மூன்று மொழிகளில். மூன்றிலும் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவர் குடிகாரர் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

புள்ளி மேல் பிளாஸ்டர் ஒட்டினார்கள். ஊசி போட்டு, மாத்திரையும் இரண்டு நாள் ஓய்வுச் சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

4

சாயங்காலம் விரல் மரத்துவிட்டது என்றார். மறுநாள் காலையில் கை வீங்கியது. மாத்திரை வேலை செய்ய நேரம் ஆகும் என்று நானே சமாதானம் சொன்னேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. ஆள்காட்டி விரல் நிறம் மாறியிருந்தது. மண்டோர் வந்து பார்த்த உடனே பெரிய மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டினார்.

அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். அடிபட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவர் விளக்கியது இது. தோலில் தெரிவது ஒரு புள்ளி. ஆனால் உள்ளே போன தண்ணீர் அந்த இடத்தில் நிற்காது. நரம்பையும் தசைநாரையும் ஒட்டி, விரல் நுனி வரை, உள்ளங்கை வரை கிழித்துக்கொண்டு ஓடும். ஹோஸில் இருந்த அழுக்கையும் சேற்றையும் கூடவே கொண்டுபோகும். துப்பாக்கிக் குண்டு பட்டவரைப் போல நடத்த வேண்டும். அன்றே கையைத் திறந்து கழுவியிருக்க வேண்டும். "இந்த வேலை செய்கிறவர்கள் ஓர் அட்டை வைத்திருப்பார்களே, டாக்டரிடம் காட்டுவதற்கு? அது எங்கே?"

அட்டை இருந்தது. மண்டோர் மறுநாள் அதைக் கொண்டுவந்தார். இவருடைய வேலை என்ன, எந்த மாதிரிக் காயம் பட்டால் எவ்வளவு அவசரம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. எல்லா ஆட்களுடைய அட்டைகளும் வேலையிடத்து ஆபீஸ் மேசையின் இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி இருந்திருக்கின்றன.

"தண்ணி வேலையில்ல தங்கச்சி... நனைஞ்சிரும்னு உள்ள வச்சோம்."

வராந்தாவில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் திட்டியிருக்கலாம். திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அட்டை இழுப்பறையில் இருந்தது. நான் அங்கே முகப்பில் நின்றுகொண்டிருந்தேன், வாயோடு.

மூன்று முறை கையைத் திறந்தார்கள். மூன்றாவது முறை இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

5

அதன் பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. கம்பெனி அவருக்கு ஸ்டோரில் உட்காரும் வேலை கொடுத்தது, தற்காலிகமாக. இன்னும் இரண்டு மாதத்தில் பாஸ் முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி விசாரணைக்குப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். விசாரணை யார் மேல் தவறு என்பதைப் பற்றியது. கிளினிக் சரியாகப் பார்க்கவில்லை என்றது கம்பெனி. எங்களிடம் சொன்னதை வைத்துத்தான் பார்த்தோம் என்றது கிளினிக். சாட்சியாக அந்த நாளின் பதிவை அனுப்பியிருந்தது. அதில் காரணம் என்ற இடத்தில் நான்கு சொற்கள் இருந்தன. லுகா கெச்சில். கெனா ஆயெர். சின்னக் காயம். தண்ணீர் பட்டது.

அந்த நகல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவருக்கு மலாய் படிக்க வராது. வேலையிடத்தில் எல்லாம் தமிழ்தான். கடையில் சாப்பாடு கேட்கவும் வழி கேட்கவும் மட்டும் நாலு வார்த்தை தெரியும். "என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, தேதிதான்" என்றேன்.

இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை, யாழினியின் கோடு போட்ட நோட்டில் அவர் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். பா பெரிதாகவும் ண்டி சாய்ந்தும் வந்தன. நான் எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து "என்ன மலரு?" என்றார். "கொழம்புல உப்பு போதுமா?" என்று கேட்டேன். இன்னொரு தடவை அவர் தூங்கிவிட்டார். தூங்கியது நல்லது என்று நினைத்தேன். இப்போது அந்த வாக்கியம் மூன்று மொழிகளிலும் எனக்கு மனப்பாடம். அதிக அழுத்தத் தண்ணீர் கைக்குள் பாய்ந்துவிட்டது, அவசரம். பாத்திரம் கழுவும்போது உதடு அசைவதைப் பார்த்து யாழினி கேட்கிறாள், யாரிடம் பேசுகிறீர்கள் என்று.

யாழினி பொம்மைகளிடம் மலாயில்தான் பேசுகிறாள். கோபம் வந்தாலும் மலாய்தான் வருகிறது. தமிழில் திட்டத் தெரியாத பிள்ளையை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு நாள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டி, "அப்பாவுக்கு இங்க கோசோங்" என்றாள். அவர் சிரித்து, "ஆமா பாப்பா, கோசோங்" என்றார். நான் கொல்லைக்குப் போய்க் காயாத துணிகளை எடுத்துவிட்டு மறுபடியும் அவற்றையே காயப் போட்டேன்.

6

முந்தாநாள் அந்த விசாரணைக்காக வாக்குமூலம் கொடுக்கத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய சின்ன அறை. மேசைக்கு அப்பால் தலைத்துணி கட்டிய நடுவயது அதிகாரி. புவான் என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மா என்கிற மரியாதை. என் கணவரின் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்று வரவில்லை, இன்னொரு நாள் வருகிறீர்களா, அல்லது நீங்களே மொழிபெயர்க்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். இன்னொரு நாள் என்றால் பாஸ் தேதி இன்னும் நெருங்கிவிடும். நானே செய்கிறேன் என்றேன். யாழினியை விட்டுவர ஆள் இல்லாததால் அவளும் வந்திருந்தாள். எட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பெயர், வேலை, எத்தனை வருட அனுபவம், எப்படி அடிபட்டது. என் கணவர் சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். தெரியாத சொல்லுக்கு ஆங்கிலம். அழுத்தம் என்பதை இந்த முறை இரண்டு மொழியிலும் சொன்னேன். அதிகாரி தலையாட்டி எழுதினார். பிறகு கிளினிக்கின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: கிளினிக்கில் காரணத்தைச் சொன்னது யார்?

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "கிளினிக்ல என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க" என்றேன்.

"அப்படிக் கேக்கலம்மா" என்றது யாழினியின் குரல். தாளிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "யார் சொன்னாங்கன்னு கேக்குறாங்க." அதோடு நிற்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, தடிக்காவில் பதில் சொல்வது போல எழுந்து நின்று, மணிமணியாகச் சொன்னாள். "இபு சாயா சாக்காப் ஆயெர் கோசோங்."

என் அம்மாதான் ஆயெர் கோசோங் என்று சொன்னாங்க.

அவள் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். எட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை யோசிக்க விரும்பவில்லை.

அதிகாரியின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மேசை மேல் இருந்த வலது கையைத் தூக்கினார். அந்த மூன்று விரல் கையால் தன் நெஞ்சைத் தொட்டு, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னார்.

"பூக்கான் டியா. சாயா. சாயா சாக்காப்."

இவள் இல்லை. நான்தான் சொன்னேன்.

பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு இதன் ஆபத்து தெரியுமா என்று அதிகாரி கேட்டார். நான் அதைச் சரியாக மொழிபெயர்த்தேன்.

"தெரியும்னு சொல்லு."

சொன்னேன். அதிகாரி எழுதினார். என்ன எழுதுகிறார் என்று தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது. பயிற்சி உள்ள தொழிலாளி, ஆபத்தை அறிந்தும், வெறும் தண்ணீர் பட்டது என்று தானே கிளினிக்கில் தெரிவித்திருக்கிறார். பழியை அவர் மேல் போட்டு அனுப்பிவிட, கம்பெனிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

"ஏங்க, வேணாம்" என்றேன் தமிழில். "நான் சொல்லிடறேன். அன்னைக்கு நான்தான்..."

"தெரியும். நானும் அங்கதான உக்காந்திருந்தேன்."

"கண்ண மூடியிருந்தீங்க."

"காத மூடலயே."

"அப்ப நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே! பிரஷர்னு ஒரு வார்த்த..."

"சின்ன ஓட்டதானேன்னு இருந்துட்டேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "அதுவும் இல்லாம, நீ எனக்காக அத்தன பேருக்கு முன்னாடி சண்ட போட்டுக்கிட்டு இருந்த. எனக்காக யாரும் அவ்ளோ சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. நடுவுல பேசி ஒன்னய மட்டம் தட்ட வேணாம்னு இருந்துட்டேன். விடு. ஒம் பேரு இதுல ஏற வேணாம். ஏறுனா நாம ஊருக்குப் போனாலும் அது இங்கயே நிக்கும்."

அதிகாரி என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறார் என்று.

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். எனக்கு அத்தனைக்கும் மலாய் தெரிந்திருந்தது. அவர் ஐந்து மாதமாக எனக்காக மறைத்ததை இவ்வளவு சுலபமாக நான் போட்டு உடைப்பதா? உடைக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதானா? இரண்டில் எது அவருக்குச் செய்யும் நியாயம்? யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு எப்போதுமே முடிவு வராது.

"ஒன்றுமில்லை, புவான்" என்றேன்.

யாழினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. இந்தத் தடவை அவள் எதையும் திருத்தவில்லை. உட்கார்ந்து வண்ணம் தீட்டத் தொடங்கினாள்.

அதிகாரி தாளைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். இடது கையில் போடும் கையெழுத்து கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துவராது என்று என் கணவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். மை ஒற்றிய கட்டைவிரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவர் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்த இடம் மொழிபெயர்ப்பாளருடையது. சொல்லப்பட்ட அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.